இந்திரா காந்தி நிற்காத தேர்தல்: தஞ்சாவூர், 1979

எங்க பெரியப்பா சாகிற வரைக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லிக்கிட்டே இருந்தார். "இந்திரா காந்தி நம்ம தஞ்சாவூர்ல நின்னாங்கடா. நான் ஓட்டு போட்டிருக்கேன்." சின்ன வயசுல அதை அப்படியே நம்பினேன். பிறகு பழைய தேர்தல் முடிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அப்படி ஒரு தேர்தலே நடக்கவில்லை. 1979 ஜூனில் தஞ்சாவூர் மக்களவைத் தொகுதிக்கு இடைத்தேர்தல் நடந்தது உண்மை. கை சின்னம் இன்னும் பழகாத காலம். இந்திரா காங்கிரஸ் சார்பில் நின்று ஜெயித்தவர் எஸ். சிங்காரவடிவேல்.

பெரியப்பா பொய் சொல்கிற ஆள் இல்லை. அவர் வயதை ஒத்த இன்னும் இரண்டு பேர் என்னிடம் இதையே சொல்லியிருக்கிறார்கள். நிற்காத ஒருவர் நின்றதாக ஒரு ஊர் எப்படி ஞாபகம் வைத்துக்கொள்ளும்? அதைப் புரிந்துகொள்ள அந்த வருஷத்துக் கதையைக் கொஞ்சம் பின்னாடியிருந்து சொல்ல வேண்டும். ரொம்ப நாளாகக் குறிப்புகளாகவே கிடந்ததை இப்போது ஒரு கட்டுரையாகச் சேர்த்திருக்கிறேன்.

தொகுதி காலியான கதை

தஞ்சாவூர் தொகுதியில் 1971-ல் ஜெயித்தவர் எஸ்.டி. சோமசுந்தரம். அப்போது அவர் தி.மு.க. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். கட்சியை விட்டு நீக்கப்பட்டு அ.தி.மு.க. தொடங்கியபோது எஸ்.டி.எஸ். அவரோடு போனார். 1977 மார்ச் தேர்தலில் அதே தொகுதியில் அ.தி.மு.க. சார்பில் மறுபடியும் ஜெயித்தார். எமர்ஜென்சி முடிந்து நடந்த தேர்தல் அது. வடக்கே காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டது. இந்திராவே ரேபரேலியில் தோற்றார். ஆனா தமிழ்நாட்டில் நிலைமை தலைகீழ். அ.தி.மு.க., காங்கிரஸ், இந்தியக் கம்யூனிஸ்ட் மூன்றும் சேர்ந்த அணி 39-ல் 34 இடங்களைப் பிடித்தது.

அப்புறம் எஸ்.டி.எஸ். எம்.ஜி.ஆர். அமைச்சரவைக்கு வந்துவிட்டார். தொகுதி காலி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தஞ்சாவூருக்கு இது புதுசே இல்லை. 1957-ல் இதே தொகுதியில் ஜெயித்த ஆர். வெங்கட்ராமனும் காமராஜர் அமைச்சரவையில் சேர்வதற்காக எம்.பி. பதவியை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போனார். இருபது வருஷ இடைவெளியில் இரண்டு தடவை தஞ்சாவூர் டெல்லிக்கு அனுப்பிய ஆளைக் கோட்டை இழுத்துக்கொண்டது.

ஏன் தஞ்சாவூர்?

இந்திராவுக்கு அந்தச் சமயம் ஒரு தொகுதி அவசரமாகத் தேவைப்பட்டது. 1978 ஜனவரியில் காங்கிரஸ் உடைந்து அவர் பேரில் தனிக்கட்சி ஆகியிருந்தது. அடுத்த மாதமே ஆந்திராவிலும் கர்நாடகாவிலும் அந்தக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. வடக்கு கைவிட்ட அவரைத் தெற்கு தாங்கிக்கொண்டது. 1978 நவம்பரில் கர்நாடகாவின் சிக்மகளூர் இடைத்தேர்தலில் வீரேந்திர பாட்டீலைத் தோற்கடித்து மக்களவைக்குத் திரும்பினார். ஆனால் ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. டிசம்பர் 19 அன்று உரிமை மீறல் குற்றச்சாட்டில் மக்களவை அவரை வெளியேற்றி, கூட்டத்தொடர் முடிகிற வரை திகார் சிறையில் வைத்தது.

1979 நடுவில் கர்நாடகாவும் கையை விட்டு நழுவியது. முதலமைச்சர் தேவராஜ் அர்ஸுக்கும் அவருக்கும் மோதல் முற்றி, அர்ஸ் கட்சியை விட்டே வெளியேற்றப்பட்டார். எமர்ஜென்சி விவகாரங்களை விசாரிக்கச் சிறப்பு நீதிமன்றச் சட்டம் வந்ததும் அதே வருஷம்தான். இப்படி ஒரு நெருக்கடியில் கண்ணில் பட்ட இடம் தஞ்சாவூர்.

அதற்கு உள்ளூர்க் காரணங்களும் உண்டு. அப்போது தமிழ்நாட்டு இந்திரா காங்கிரஸின் தலைவர் ஜி.கே. மூப்பனார். பாபநாசம் பக்கத்துக் கபிஸ்தலத்துக்காரர். பெரிய நிலக்குடும்பம். காவிரிக் கரையில் காங்கிரஸ் என்றால் ரொம்ப நாளைக்கு அதுதான் அர்த்தம்: கபிஸ்தலம், பூண்டி, வடபாதிமங்கலம் என்று ஊர்ப் பேரைச் சொன்னாலே குடும்பம் தெரிந்துவிடும். கூட்டம் சேர்க்க, வண்டி அனுப்ப, பந்தல் போட, சாப்பாடு போட அந்த வீடுகளில் ஆள் இருந்தது.

தஞ்சாவூர் நகரத்தில் காங்கிரஸ் எவ்வளவு ஊறியிருந்தது என்பதற்கு ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். 1962-ல் தஞ்சாவூர் சட்டமன்றத் தொகுதியில் கலைஞர் கருணாநிதி நின்றார். எதிரே பஸ் முதலாளி பரிசுத்த நாடார். காங்கிரஸின் சிட்டிங் எம்.எல்.ஏ. கலைஞர் ஜெயித்தது 1,928 ஓட்டில். 1957-ல் ஜெயித்த 15 தி.மு.க.காரர்களில் 1962-ல் மறுபடி சட்டமன்றத்துக்குத் திரும்பியவர் அவர் ஒருவர்தான். அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோற்ற தேர்தல் அது. 1967-ல் மாநிலமெங்கும் தி.மு.க. அலை அடித்தபோது கலைஞர் சைதாப்பேட்டைக்குப் போய்விட்டார். தஞ்சாவூரில் அலையை மீறி பரிசுத்த நாடார் மறுபடியும் ஜெயித்தார்.

அதனால் இந்திராவுக்குத் தஞ்சாவூர் என்று மூப்பனார் தரப்பு யோசித்ததில் தப்பான கணக்கு எதுவும் இல்லை. நிலைத்த காங்கிரஸ் ஓட்டு இருக்கிறது. அதன்மேல் எம்.ஜி.ஆர். ஓட்டு சேர்ந்தால் போதும்.

எம்.ஜி.ஆரின் சங்கடம்

எம்.ஜி.ஆர். முதலில் பச்சைக்கொடி காட்டினார். பிறகு பின்வாங்கினார். வெளியே சொல்லப்பட்ட காரணம் பாதுகாப்பு. அது வெறும் சாக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. 1977 அக்டோபர் கடைசியில் இந்திரா மதுரைக்கு வந்தபோது தி.மு.க.வின் கறுப்புக்கொடிப் போராட்டம் கலவரமாகி அவர் வண்டி தாக்கப்பட்டது. பழ. நெடுமாறன் தன் உடம்பால் மறைத்துத்தான் அவரைக் காப்பாற்றினார். கலைஞரின் சொந்த மாவட்டத்தில், ஒரு மாதம் கிராமம் கிராமமாக ஓட்டுக் கேட்டு அவர் அலைந்தால் என்ன ஆகும் என்ற பயம் எந்த முதலமைச்சருக்கும் இருக்கும்.

ஆனா அது மட்டுமே காரணம் என்று அன்றைக்கே யாரும் நம்பவில்லை. டெல்லியில் இருந்தது மொரார்ஜி தேசாய் அரசு. இந்திராவை வெளியேற்றிய மக்களவைக்குள் எம்.ஜி.ஆர். அவரைத் திரும்பக் கூட்டிவந்தால் மொரார்ஜி அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். மாநில அரசைக் கலைப்பது அந்தக் காலத்தில் எவ்வளவு சுலபம் என்று எம்.ஜி.ஆருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1976 ஜனவரி 31 அன்று கலைஞர் ஆட்சியை இந்திரா கலைத்தார். அதில் அதிகம் பலன் அடைந்தவரே எம்.ஜி.ஆர்.தான். 1977-ல் ஜனதா அரசு வந்ததும் ஒன்பது மாநிலக் காங்கிரஸ் அரசுகளை ஒரே வீச்சில் கலைத்தது. எந்தக் கட்சி டெல்லியில் இருந்தாலும் அந்தக் கத்தி மேஜைமேல்தான் இருந்தது.

இன்னொன்று காவிரி. 1924 ஒப்பந்தத்தின் ஐம்பது வருஷ மறுஆய்வுக் கட்டம் 1974-ல் வந்துவிட்டது. அதன் பிறகு பேச்சுவார்த்தை மேல் பேச்சுவார்த்தை. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால்தான் குறுவை. தண்ணீருக்கு மத்திய அரசின் தயவு வேண்டும், அரிசிக்கு வேண்டும், நிதிக்கு வேண்டும். எம்.ஜி.ஆர். எந்தப் பிரதமரோடும் சண்டை போடாமல் காலம் தள்ளியதைச் சிலர் கோழைத்தனம் என்பார்கள். அவர் கையில் இருந்த சீட்டுகளை வைத்துப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கடைசியில் இந்திரா நிற்கவில்லை. சிங்காரவடிவேல் நிறுத்தப்பட்டார். அ.தி.மு.க. அவரை ஆதரித்தது. தி.மு.க. சார்பில் நின்றவர் அன்பில் தர்மலிங்கம், கலைஞருக்கு மிக நெருக்கமானவர். சிங்காரவடிவேல் ஜெயித்தார். இதுதான் இந்திராவுக்கு அதிகம் வலித்திருக்க வேண்டும். நாடறியாத ஒரு வேட்பாளரே ஜெயிக்கிற தொகுதியில் தான் நின்றிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கணக்குப் போட அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெரியப்பாவின் ஞாபகம் எங்கேயிருந்து வந்தது என்பது எனக்கு இங்கேதான் பிடிபட்டது. 'அம்மா வர்றாங்க' என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பேச்சு அடங்குவதற்குள் தேர்தல். ஓட்டுப்போட்டவர்கள் சீட்டில் இருந்த பேருக்குப் போட்டாலும் மனசில் இருந்தது இன்னொரு பேர். அந்த வகையில் அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை.

அதே ஜூன், நாகப்பட்டினம்

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1979 இடைத்தேர்தல் என்று யார் எழுதினாலும் தஞ்சாவூர், இந்திரா, எம்.ஜி.ஆர். என்று முடித்துவிடுகிறார்கள். அதே சமயத்தில் டெல்டாவின் கிழக்கு முனையில் இன்னொரு மக்களவை இடைத்தேர்தல் நடந்தது. நாகப்பட்டினம். அந்தத் தொகுதி காலியானதற்குக் காரணம் யாரும் அமைச்சரானது இல்லை. அதன் எம்.பி. கொலை செய்யப்பட்டிருந்தார்.

எஸ்.ஜி. முருகையன், இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி. சித்தமல்லிக்காரர். கோட்டூர் ஒன்றியப் பெருந்தலைவராக இருந்தவர். விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் வளர்ந்து 1977-ல் மக்களவைக்குப் போனவர். 1979 ஜனவரி 6 அன்று படுகொலை செய்யப்பட்டார்.

கீழத்தஞ்சை வரலாறு தெரிந்தவர்களுக்கு இது ஒரு தொடர்ச்சி. மேற்கே கல்லணைக் கால்வாய் பாயும் பக்கம், நாங்கள் 'புது ஆறு' என்று சொல்வது, சிறு விவசாயிகள் அதிகம். கிழக்கே போகப் போகப் பெரிய பண்ணைகள், அவற்றை நம்பிய நிலமற்ற தலித் குடும்பங்கள். பண்ணையாள் முறை அங்கே எவ்வளவு கொடுமையாக இருந்தது என்றால், 1952-ல் ராஜாஜி அரசு தஞ்சாவூர் மாவட்டத்துக்கென்றே பண்ணையாள், குத்தகைதாரர் பாதுகாப்புக்குத் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. கம்யூனிஸ்டுகளைத் தன் முதல் எதிரி என்று அறிவித்த அதே ராஜாஜி. சட்டசபையில் 62 கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்ததும், கீழத்தஞ்சையில் செங்கொடி ஏறியிருந்ததும் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தன. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பின்னணியில் இருந்தது கூலி நெல் உயர்வுக் கேட்பும் செங்கொடிச் சங்கத்தை ஒழிக்க மிராசுதார்கள் காட்டிய மூர்க்கமும்.

1979 ஜூனில் நாகப்பட்டினம் மக்கள் அதே கட்சியைத் திரும்ப ஜெயிக்கவைத்தார்கள். புதிய எம்.பி.யின் பெயரும் முருகையன்தான், கே. முருகையன். ஆளுங்கட்சியான அ.தி.மு.க. அங்கே தோற்றது.

இரண்டு தொகுதிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ஒரே ஆறு, ஒரே நெல், ஒரே மாவட்டம். ஒன்றில் டெல்லிக்குத் திரும்ப வழி தேடிய ஒரு தலைவருக்கு இடம் கொடுப்பதா வேண்டாமா என்பது பிரச்சினை. இன்னொன்றில் களத்துமேட்டில் கூலி கேட்ட சங்கத்தின் ஆள் கொல்லப்பட்ட பிறகு அந்தச் சங்கம் நிற்குமா விழுமா என்பது பிரச்சினை. முதலாவதைப் பற்றி அரசியல் வரலாற்று நூல்களில் பக்கம் பக்கமாக இருக்கிறது. இரண்டாவதுக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம்.

எட்டு மாதத்தில் எல்லாம் மாறியது

இடைத்தேர்தல் முடிந்த அடுத்த மாதம், 1979 ஜூலையில், மொரார்ஜி அரசு கவிழ்ந்தது. யாருக்குப் பயந்து எம்.ஜி.ஆர். பின்வாங்கினாரோ அவர் பதவியிலேயே இல்லை. அடுத்து வந்த சரண்சிங் அமைச்சரவையில் அ.தி.மு.க.வின் சத்தியவாணி முத்துவும் பாலா பழனூரும் சேர்ந்தார்கள். மத்திய அமைச்சரவையில் ஒரு திராவிடக் கட்சி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அந்த அரசு நாடாளுமன்றத்தைச் சந்திக்காமலே ஆகஸ்ட் 20-ல் ராஜினாமா செய்தது.

செப்டம்பரில் பிஜு பட்நாயக் நடுவில் நின்று தி.மு.க.வையும் அ.தி.மு.க.வையும் இணைக்கப் பார்த்தார். அது நடக்கவில்லை. அதே மாதம் சென்னைக் கடற்கரையில் கலைஞரும் இந்திராவும் ஒரே மேடையில். ஆட்சியைக் கலைத்தவரும் கலைக்கப்பட்டவரும், மதுரையில் தாக்கப்பட்டவரும் கறுப்புக்கொடி காட்டியவரும் கைகோத்தார்கள். நேருவின் மகளை வரவேற்று நிலையான ஆட்சி கேட்ட கலைஞரின் முழக்கம் இன்றைக்கும் மேடைகளில் எடுத்துச் சொல்லப்படுகிறது.

1980 ஜனவரித் தேர்தலில் அந்தக் கூட்டணிக்கு 39-ல் 37. அ.தி.மு.க.வுக்கு கோபிசெட்டிபாளையமும் சிவகாசியும் மட்டும். இந்திரா ரேபரேலியிலும் ஆந்திராவின் மேடக்கிலும் நின்று இரண்டிலும் ஜெயித்து மேடக்கை வைத்துக்கொண்டார். தஞ்சாவூருக்குப் போயிருக்க வேண்டிய பெருமை மேடக்குக்குப் போனது என்று எங்க ஊர்ப் பழைய காங்கிரஸ்காரர்கள் இப்பவும் அங்கலாய்ப்பார்கள். நாகப்பட்டினத்தில் இந்தத் தடவை தி.மு.க. ஜெயித்தது. பிப்ரவரி 17 அன்று எம்.ஜி.ஆர். அரசு கலைக்கப்பட்டது.

தஞ்சாவூர்தான் காரணமா?

மேடைப்பேச்சில் இது ஒரே நேர்கோடு: தஞ்சாவூரில் இடம் கொடுக்கவில்லை, இந்திரா கோபித்துக்கொண்டார், ஆட்சியைக் கலைத்தார். கேட்க நல்லா இருக்கு. ஆனா அவ்வளவு நேராக இல்லை.

முதலாவது, 1980 பிப்ரவரியில் கலைந்தது தமிழ்நாடு மட்டும் இல்லை. உத்தரப்பிரதேசம், பீகார், மகாராஷ்டிரா, குஜராத் உட்பட ஒன்பது மாநிலங்கள். 1977-ல் ஜனதா கலைத்ததும் ஒன்பது. அது பழைய கணக்கைத் தீர்ப்பது. மக்களவைத் தேர்தலில் மாநில ஆளுங்கட்சி தோற்றதே கலைப்புக்குச் சாக்காக ஆனது. மேற்கு வங்கத்தில் இடது முன்னணி மக்களவைத் தேர்தலிலும் ஜெயித்திருந்தது. அந்த அரசு தப்பியது.

இரண்டாவது, அ.தி.மு.க. ஏன் அவ்வளவு மோசமாகத் தோற்றது என்பதற்குத் தஞ்சாவூரோடு சம்பந்தமில்லாத காரணம் ஒன்று உண்டு. 1979-ல் எம்.ஜி.ஆர். அரசு பிற்படுத்தப்பட்டோர் இட ஒதுக்கீட்டுக்கு 9,000 ரூபாய் வருமான வரம்பு கொண்டுவந்தது. அதற்கு எதிர்ப்பு ஊருக்கு ஊர் இருந்தது. தேர்தலில் அடி வாங்கியதும் அந்த ஆணையை ரத்து செய்து, பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை 31-லிருந்து 50 சதவீதமாக ஏற்றினார்.

இதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் தஞ்சாவூருக்கு ஒரு பங்கு மிஞ்சுகிறது. 1977 முதல் இந்திராவின் இயல்பான கூட்டாளி எம்.ஜி.ஆர்.தான். கலைஞரோடு சேர அவருக்கு முன்பகை தடையாக இருந்தது. அந்தத் தடையைத் தாண்ட அவரைத் தயார் செய்தது 1979-ல் கிடைத்த ஏமாற்றம் என்று நினைக்கிறேன். கூட்டணி மாறியதால் 37 இடம் போனது, 37 இடம் போனதால் கலைப்புக்குச் சாக்கு கிடைத்தது. தஞ்சாவூர் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி, அவ்வளவுதான். அதற்கு மேல் எதையும் மக்கள் கையில் விட்டுவிட வேண்டும். 1980 மே மாதச் சட்டமன்றத் தேர்தலில் அதே தமிழ்நாட்டு மக்கள் அ.தி.மு.க.வுக்கு 129 இடம் கொடுத்து எம்.ஜி.ஆரைத் திரும்ப உட்காரவைத்தார்கள். ஆட்சியைக் கலைத்தது சரியா தப்பா என்று நாலு மாதத்துக்குள் தீர்ப்புச் சொன்னார்கள். 1984-ல் எம்.ஜி.ஆரும் இந்திரா காங்கிரஸும் மறுபடி ஒரே அணி.

தண்ணி

சிங்காரவடிவேல் 1979-க்குப் பிறகு 1980, 1984, 1989 என்று மொத்தம் நாலு தடவை தஞ்சாவூரில் ஜெயித்தார். இவற்றில் பெரும்பாலான வருஷங்கள் டெல்லியில் காங்கிரஸ் ஆட்சி. சென்னையில் 1984-க்குப் பிறகு அதன் தோழமைக் கட்சி. டெல்டாவுக்கு வேண்டிய எல்லாக் கதவும் திறந்திருந்ததாகத்தான் மேலோட்டமாகத் தெரியும்.

ஆனா காவிரிப் பிரச்சினையை நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோன வழி வேறு. 1983-ல் டெல்டா விவசாயிகள் சங்கம் ஒன்று உச்ச நீதிமன்றத்துக்குப் போய் மனுப் போட்டது. அரசுகள் பேசிக்கொண்டே இருந்த காலம் அது. ஏழு வருஷம் கழித்து, 1990 மே மாதம், நடுவர் மன்றம் அமைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஜூன் 2 அன்று வி.பி. சிங் அரசு அதை அமைத்தது. ஒரு பிரதமர் நம்ம தொகுதி எம்.பி.யாக இருந்திருந்தால் அந்தப் பதினாறு வருஷ இழுபறி குறைந்திருக்குமா என்று பெரியப்பாவிடம் ஒருநாள் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசவில்லை.

"மேடக்குல என்ன ஆறு ஓடுது?" என்று கேட்டார்.

மஞ்சீரா என்றேன்.

"அங்க இருக்கிறவன்கிட்ட கேட்டுப் பாரு, பிரதமர் தொகுதியா இருந்ததால அவன் வயலுக்குக் கூடத் தண்ணி வந்துச்சான்னு. அப்புறம் சொல்றேன்."

அந்த வருஷம் மேட்டூர் தாமதமாகத்தான் திறந்தார்கள். அவர் நாற்றங்காலுக்குப் போர்த் தண்ணி பாய்ச்சிக்கொண்டிருந்தார்.